மனோதர்மத்துக்கு எவ்வளவு இலக்கணம் வேண்டும்? கல்பனா சுரம் தொடங்குவோருக்கான படிகள்

காவிரிப் படுகையில் பாட்டும் வாத்தியமும் பெரும்பாலும் காது வழியாகத்தான் வந்து சேர்கின்றன. வாத்தியார் ஒரு வரி பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும். கோயிலில் ஓதுவார் குரல், புறப்பாட்டில் நாயனம் (நாகஸ்வரம்), திருவையாற்று ஆராதனையில் கூட்டத்தோடு உட்கார்ந்து பாடுவது என்று கேள்வி ஞானம் தானாகவே சேர்ந்துகொண்டு போகும். இதற்கு ஈடாக எந்தப் புத்தகத்தையும் வைக்க முடியாது. ஆனால் நாற்பது கீர்த்தனை மனப்பாடமாக இருக்கும் மாணவரிடம் ‘இந்தப் பல்லவிக்கு ரெண்டு ஆவர்த்தனம் சுரம் பாடு’ என்று, அதாவது தாளத்தின் இரண்டு சுற்றுக்கு அந்த நேரத்திலேயே சொந்தமாகச் சுரம் கட்டிப் பாடச் சொன்னால், பலர் வாயடைத்து நின்றுவிடுகிறார்கள். மனோதர்மத்தின் ஒரு பகுதியான கல்பனா சுரம் என்பது இதுதான். ‘எனக்குக் கற்பனை வராது’ என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வதும் உண்டு. அது சரியான முடிவு கிடையாது. அவர்களுக்குப் பிடிபடாதவை மூன்று: இப்போது நிற்கும் சுரம் எது, இங்கிருந்து எங்கே போகலாம், எடுப்பு (தாளத்தில் பல்லவி தொடங்கும் இடம்) வர இன்னும் எத்தனை மாத்திரை (தாள எண்ணிக்கையின் சிறு கூறு) இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் அளவுக்கு இலக்கணம் தெரிந்தால், மேடையில் கை தயங்காது.

இரண்டு மூன்று வர்ணமும் பத்துக் கீர்த்தனையும் பாடம் ஆனவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. வாய்ப்பாட்டு, வயலின், நாகஸ்வரம், புல்லாங்குழல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு நிபந்தனை உண்டு. படித்ததை அன்றைக்கே பாடியோ வாசித்தோ பார்த்துவிட வேண்டும். வாத்தியத்தில் ஏறாத இலக்கணம் பரீட்சைக்கு மட்டும்தான் உதவும்.

முதல் படி: சுருதி

தினமும் பத்து நிமிடம் ஸ, ப, மேல் ஸ மூன்றை மட்டும் நீளமாக நிறுத்திப் பழகுங்கள். சுருதிப் பெட்டி போதும். செல்போன் செயலியில் போட்டுக்கொள்வதானால் போனின் சொந்த ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். கீழ் ஷட்ஜம் அதில் தெளிவாக வராது. தனி ஸ்பீக்கரோ இயர்போனோ வைத்துக்கொள்ளுங்கள். நாயனத்தில் சுருதி காற்றின் வேகத்தோடும் உதட்டின் பிடியோடும் ஏறி இறங்கும். வாயில் வைத்து ஊதும் சீவாளி சரியாக ஊறாமல் இருந்தாலும் தள்ளாடும். அதனால் மேல் ஸ நிற்காதபோது முதலில் சீவாளியைப் பாருங்கள், பிறகு மூச்சைப் பாருங்கள், விரலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: சுர ஸ்தானமும் மேளக் கணக்கும்

ஒரு ஸ்தாயிக்குள் (ஸவிலிருந்து மேல் ஸ வரை) ஸ்தானம் 12, அவற்றுக்குப் பெயர் 16. ரி, க, த, நி நான்குக்கும் மூன்று மூன்று வகை (கீழிருந்து மேலாக ரி1, ரி2, ரி3 என்று எழுதுவோம்), ம இரண்டு வகை (சுத்தம் ம1, பிரதி ம2), ஸவும் பவும் மாறாதவை. சில ஸ்தானங்களுக்கு இரண்டு பெயர் இருப்பதால்தான் பன்னிரண்டு பதினாறாகிறது. சதுச்ருதி ரிஷபம் (ரி2) நிற்கும் இடம்தான் சுத்த காந்தாரத்துக்கும் (க1). இதைக் கீபோர்டில் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் சட்டென்று விளங்கும். ஸ்தானம் எது என்று காட்ட மட்டும் கீபோர்டை வைத்துக்கொள்ளுங்கள். ராகத்தை அதில் பழக வேண்டாம்.

இந்த ஸ்தானங்களை முறையாகச் சேர்த்து 72 மேளங்களாக, அதாவது ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்களாக, வகுத்தவர் வேங்கடமகி. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையோடு தொடர்புடையவர். எழுபத்திரண்டு பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகள் உண்டு. தொடக்க மாணவருக்கு அந்த உழைப்பு வீண். எண்ணிலிருந்து சுரத்தைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தால் போதும்.

1 முதல் 36 வரை சுத்த மத்யமம், 37 முதல் 72 வரை பிரதி மத்யமம். 36-க்கு மேல் இருந்தால் 36-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை ஆறு ஆறாகப் பிரித்தால் எந்தச் சக்கரம் என்று தெரியும். சக்கரம் ரி, க இரண்டையும் சொல்லும்: முதல் சக்கரம் ரி1 க1, இரண்டாவது ரி1 க2, மூன்றாவது ரி1 க3, நான்காவது ரி2 க2, ஐந்தாவது ரி2 க3, ஆறாவது ரி3 க3. சக்கரத்துக்குள் எத்தனையாவது என்பது த, நி இரண்டையும் இதே வரிசையில் சொல்லும். கல்யாணி 65-ஆவது மேளம். 36 போனால் 29. ஐந்தாவது சக்கரம் 25-இல் தொடங்குகிறது, அதில் 29 ஐந்தாவது. ஆகவே ரி2 க3, த2 நி3, மத்யமம் பிரதி. முடிந்தது.

எழுத்துக்கு எண் கொடுத்து, பெயரிலிருந்து மேளத்தின் எண்ணைப் பிடிக்கும் கடபயாதி முறையில் தமிழ் மாணவர் ஒரு இடத்தில் தவறாமல் வழுக்குவார். முதல் இரண்டு எழுத்தின் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, ஆக 15. இது சரியாக வரும். தீரசங்கராபரணத்துக்குப் போட்டால் சிலருக்கு 26 வரும், அது சாருகேசி. தமிழில் த என்ற ஒரே எழுத்து நான்கு ஒலிக்கு நிற்பதுதான் காரணம். ‘தீர’வில் உள்ளது வர்க்கத்தின் நான்காவது ஒலி, அதற்கு எண் 9. ஆகவே 29. சந்தேகம் வந்தால் கிரந்தத்திலோ தெலுங்கிலோ அந்தப் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு வாரம் போதும்.

மூன்றாம் படி: ஆரோகணம் அவரோகணத்துக்கு அப்பால்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் (ஏறு வரிசை) ஸ ரி2 ம1 ப த2 ஸ, அவரோகணம் (இறங்கு வரிசை) ஸ நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ. இரண்டுக்கும் ஒரே படிகள். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் இரண்டும் வேறு என்று தெரியும். ஆரபி நடை வேகமானது, சுரங்கள் அசைவு குறைந்து நேராக நிற்கும். தேவகாந்தாரி நிதானமாக, நீண்ட கமகத்தோடு (சுர அசைவோடு) இழைந்து போகும். ஆராதனையில் பாடும் பஞ்சரத்தினத்தில் மூன்றாவது ஆரபிதான். அந்த நடையைக் காதில் ஏற்றிக்கொண்டு பிறகு ஒரு தேவகாந்தாரிக் கீர்த்தனையைக் கேட்டுப் பாருங்கள். காம்போதியில் ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடியில் (ராகத்துக்கு உரிய சுரத் தொடரில்) காகலி நிஷாதம் (நி3) வரும். ஆரோகண அவரோகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அந்தச் சுரம் கிடைக்கவே கிடைக்காது. தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. அதே ஸ்தானத்தில் அசையாமல் நிறுத்தினால் சுரம் சரி, ராகம் இல்லை. சங்கராபரணத்தில் காந்தாரம் பெரும்பாலும் அசையாமல் நிற்கும், கல்யாணியில் அசையும்.

ஆகவே ஒவ்வொரு ராகத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எந்தச் சுரத்தில் தொடங்கலாம்? எந்தச் சுரத்தில் நிற்கலாம்? எது அசையும்? எது அசையாமல் நிற்கும்? எந்த வழியில் போகக் கூடாது? பதிலை இலக்கணப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்களுக்குப் பாடமான வர்ணத்தின் முதல் பகுதி முடிவில் வரும் முக்தாயி சுரத்திலிருந்தும் சரண சுரங்களிலிருந்தும் எடுங்கள். அங்கே ராகத்தின் பிடிகள் ஏற்கெனவே தாளத்தில் அமைந்து கிடக்கின்றன. மோகன வர்ணம் ஒன்றிலிருந்தே பத்துப் பிடி தாராளமாக எழுதலாம். அந்தப் பத்தையும் மூன்று காலத்தில் (வேகத்தில்), எங்கே கேட்டாலும் நினைவுக்கு வரும்வரை பழகுங்கள்.

முதல் வருடம் மூன்று ராகம் போதும். மோகனத்தில் தொடங்கி, கல்யாணிக்குப் போய், பிறகு காம்போதி எடுத்துக்கொள்ளலாம். மோகனத்தில் அடிக்கடி நேரும் பிசகு இது: வயலினில் கவிலிருந்து பவுக்கு விரலை இழுக்கும்போது நடுவில் மத்யமம் எட்டிப் பார்க்கும், தவிலிருந்து மேல் ஸவுக்குப் போகும்போது நிஷாதம் எட்டிப் பார்க்கும். இழுப்பு மெதுவாக இருப்பதுதான் காரணம். அந்த இரண்டு இடத்திலும் இழுப்பைச் சுருக்கி, சேரும் சுரத்தில் அழுத்தம் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஓதுவார் மரபைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தேவாரத்தில் நட்டபாடைப் பண்ணைக் கம்பீரநாட்டையாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடுவது இன்றைய வழக்கம். சிறு வயதிலிருந்தே காதில் இருக்கும் பதிகத்தைச் சுரப்படுத்திப் பார்த்தால் ராகப் பக்கம் பாதி நிரம்பிவிடும்.

மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் இந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்கிற இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது காதுக்கு நல்ல பயிற்சி. மேடையில் செய்து காட்ட இன்னும் பல வருடம் இருக்கிறது.

நான்காம் படி: நாலு நிமிட ஆலாபனை

முதல் நிமிடம் நடு ஸவிலிருந்து க வரை, கீழே மந்தர ப வரை. இரண்டாவது நிமிடம் பவையும் தவையும் சுற்றி, பவில் நின்று. மூன்றாவது நிமிடம் மேல் ஸவில் கார்வை கொடுத்து (நீட்டி நின்று) மேல் ரி, மேல் க. நான்காவதில் இறங்கி வந்து ஸவில் முடித்தல். முதல் அரை நிமிடத்திலேயே மேல் ஸவைத் தொட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணப்படும் பிசகு. பிறகு போக இடமில்லாமல் அதே பிடிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பிடியும் ஒரு மூச்சுக்குள் முடிகிறதா, நிற்கலாம் என்று நோட்டில் எழுதிய சுரத்தில்தான் நிற்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: தாளக் கணக்கு

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. கையில் தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை என்றால் ஒரு ஆவர்த்தனம் 32.

கல்பனா சுரத்தை முழு ஆவர்த்தனத்தில் தொடங்காதீர்கள். முதலில் 8 மாத்திரை மட்டும். எடுப்பு சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டில்) இருந்தால், கடைசித் தட்டில் தொடங்கி எட்டுச் சுரம் பாடினால் நேராகப் பல்லவிக்கு வந்துவிடலாம். எடுப்பு அரை இடம் தள்ளி இருந்தால், கடைசித் தட்டிலிருந்து அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குங்கள். அதே எட்டு அப்படியே பொருந்தும். இது தடையில்லாமல் வந்த பிறகு 16, அதன் பிறகு 32.

எங்கே முடிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பல்லவி எந்தச் சுரத்தில் எடுக்கிறதோ, அதற்குப் பக்கத்துச் சுரத்தில் உங்கள் கடைசிச் சுரம் இருக்க வேண்டும். பல்லவி கவில் எடுத்தால் ரியிலோ பவிலோ முடியுங்கள். மேல் ஸவில் முடித்துவிட்டு கவுக்குத் தாவினால் கணக்குச் சரியாக இருந்தாலும் ஒட்டாது.

இப்போது ஒரு கோர்வையை, அதாவது கணக்காகக் கட்டி எடுப்பில் கொண்டுவந்து சேர்க்கும் முடிவுச் சுரத் தொடரை, பிரித்துப் பார்ப்போம். மோகனம், ஆதி, எடுப்பு சமத்தில், கவில். மேல் ஸ்தாயிக்கு ' குறி, ஒரு மாத்திரை கார்வைக்குக் காற்புள்ளி.

க ப த
க ப த ஸ' த
க ப த ஸ' ரி' ஸ' த
ப க ரி ஸ ரி ,
ப க ரி ஸ ரி ,
ப க ரி ஸ ரி

பிறகு க, பல்லவி.

மூன்று, ஐந்து, ஏழு சேர்ந்து 15. அடுத்து ஐந்து மூன்று முறை, நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை, அது 17. மொத்தம் 32. முதலில் சொற்கட்டாகவே சொல்லிப் பழகுங்கள்: தகிட, தகதகிட, தகிடதகதிமி, ததிங்கிணதோம் மூன்று முறை. கையில் தாளம் போட்டுக்கொண்டு மூன்று இடத்தைச் சரிபாருங்கள். ஏழு மாத்திரை வரி சரியாக மோதிர விரலில் தொடங்கும். முதல் கார்வை முதல் வீச்சின் மேல் விழும். கடைசி ஐந்தின் இரண்டாவது சுரமான க, கடைசி வீச்சின் மேல் விழும். இந்த மூன்றும் பொருந்தினால் சமம் தானாக வந்து நிற்கும்.

தவறு எங்கே நடந்தது என்பதையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். கால் எண்ணிக்கை முன்னால் வந்து விழுந்தால் ஒரு கார்வையை விழுங்கிவிட்டீர்கள். அரை எண்ணிக்கை முன்னால் என்றால் இரண்டையும் விழுங்கியிருப்பீர்கள். வேகம் கூடும்போது கார்வைதான் முதலில் காணாமல் போகும். கார்வை இடத்தில் ரியை ஒரு மாத்திரை நீட்டிப் பாடுங்கள், சும்மா இருக்காதீர்கள். வெற்றிடத்தை மனம் சுருக்கிவிடும், நீண்ட சுரத்தைச் சுருக்காது.

கணக்கின் உண்மையான பலன் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. கார்வையை ஒன்றுக்குப் பதில் இரண்டாக்கினால் மொத்தம் 34. சமத்தில் தொடங்கினால் அடுத்த ஆவர்த்தனத்தின் அரை இடத்துக்கு வந்து சேரும். கார்வை மூன்றானால் 36. ரூபகத்தை மூன்று எண்ணிக்கையாகப் போட்டால் ஆவர்த்தனம் 12 மாத்திரை, அதில் சரியாக மூன்று. கார்வையே வேண்டாம் என்றால் 30; கண்ட சாப்பு ஆவர்த்தனம் 10, அதிலும் மூன்று. மிஸ்ர சாப்புக்கு ஆவர்த்தனம் 14, இரண்டு சேர்ந்தால் 28. முன்பகுதி 15-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பின்பகுதியைத் தகிட மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை என்று மாற்றினால் 13, பொருந்திவிடும். ஒரே கோர்வை நான்கு தாளத்துக்கும் இரண்டு எடுப்புக்கும் வந்துவிட்டது. இருபது கோர்வையை மனப்பாடம் செய்கிறவரைவிட, இந்த ஒன்றைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவருக்குத்தான் மேடையில் சமயத்துக்குக் கை கொடுக்கும்.

மற்ற ராகத்துக்குப் போகும்போது எண்ணை வைத்துக்கொண்டு சுரத்தை மாற்றுங்கள். அப்போது மூன்றாம் படியில் எழுதிய ராகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குக்காக ராகத்துக்கு ஒவ்வாத பிடியைத் திணிப்பது இளம் வித்வான்களிடம் அடிக்கடி கேட்கிற குறை. எண் பொருந்தி ராகம் கெட்டால் அந்தக் கோர்வையை விட்டுவிடுங்கள்.

நாயனம் பழகுகிறவர்கள் இந்தப் பாடத்தை மல்லாரியிலேயே கற்றுக்கொள்ளலாம். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. தாளம் மாறாமல் இருக்க, சுரக்கட்டு விளம்பம், மத்யமம், துரிதம் என்று காலம் மாறும், திஸ்ரமும் (மும்மூன்றாக நடப்பதும்) வரும். ஒரு மல்லாரியை எழுதி, ஒவ்வொரு காலத்திலும் எந்தச் சுரம் எந்தத் தட்டில் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள். கம்பீரநாட்டையில் ரியும் தவும் இல்லை, ஸ க3 ம1 ப நி3 மட்டும். அதனால் கவனம் முழுவதையும் தாளத்தில் வைக்க முடியும்.

மேடைக்கு முன்னும் மேடையிலும்

தவில்காரரிடமோ மிருதங்கக்காரரிடமோ கோர்வையை முன்கூட்டிச் சொல்லிவிடுவது மரியாதையும் பாதுகாப்பும். நீளமாக விளக்க வேண்டியதில்லை. ‘அண்ணே, கடைசிக் கோர்வை ஒரு ஆவர்த்தனம், சமத்துக்குச் சமம், மூணு அஞ்சு ஏழு, அப்புறம் அஞ்சு மூணு தடவ, நடுவுல ஒரு கார்வை’ என்றால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அதைச் சொல்ல முடிகிற அளவுக்கு உங்களுக்கே கணக்குத் தெளிவாக இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சுரம் பாடும்போது தாளம் தவறினால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்; பிசகு இன்னும் பெரிதாகும். கையிலிருக்கும் பிடியை முடித்து, பவிலோ ஸவிலோ கார்வை கொடுத்து நில்லுங்கள். நாகஸ்வர மேளத்தில் தாளக்காரரின் தட்டைக் கேளுங்கள். பாட்டுக் கச்சேரி என்றால் பக்கவாத்தியக்காரரின் முகத்தைப் பாருங்கள், சமத்தில் தலை அசையும். சமம் பிடிபட்டதும் சுரத்தை விட்டுவிட்டுப் பல்லவியை ஒருமுறை பாடுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் 8 மாத்திரைச் சுரத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

இதையும் வீட்டில் பழகிக்கொள்ள முடியும். கூடப் படிப்பவர் ஒருவர் ஆதி தாளம் போட்டுக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடி, தாளம் போடாமல் மோகனத்தில் சுரம் பாடிக்கொண்டே போங்கள். அவர் திடீரென்று ‘எங்கே?’ என்று கேட்கும்போது எந்த எண்ணிக்கையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் தட்டா வீச்சா என்பதே தடுமாறும். தினமும் ஐந்து நிமிடம் செய்துவாருங்கள். பத்துக் கேள்விக்கு எட்டுச் சரியான பதில் வரத் தொடங்கிய பிறகு 32 மாத்திரைக் கோர்வையை மேடைக்கு எடுத்துப் போகலாம்.